பிரேக் பிடித்தால் ஆடும் பேய்

கல்வராயன் மலையில் பேய்களுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடுகிற பேய், சுப்புராயன் வந்த பிறகுதான் வந்தது. வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பாதையின் அடிவாரத்தில் ஒரு வேலாயுதத்தை நட்டு, குங்குமம் பூசி உட்கார்ந்தார். வருஷம் திரும்புவதற்குள் ‘பிரேக் சாமி’ ஆகிவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தால் வேனும் டெம்போவும் பிக்கப்பும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில்கூட அப்படி ஒரு வரிசையைப் பார்க்க முடியாது.

சாமி சொன்ன கதை இதுதான். மலையில் செத்துப்போன ஒரு கன்னி, இறங்குகிற வண்டியின் பின்பக்கம் ஏறிக்கொள்கிறாள். டிரைவர் பிரேக்கை மிதித்தால் அவளுக்குக் கோபம் வந்து, பின்பக்கத்தைப் பிடித்து உலுக்குகிறாள். ஆக்சிலேட்டரை மிதித்தால் கோபம் இல்லை. சீக்கிரம் வீடு போய்ச் சேர ஆசைப்படுகிற பேய் போலிருக்கிறது.

பூசைக்கு, வண்டி மலையிறங்கிய சூட்டோடு வந்து நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இறுக்கி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பேய் வண்டியோடு ஓடிவிடுமாம். உடனே சீடர்கள் பின்சக்கரங்களின் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். அதோ போகிறாள் என்பார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இட்லிக் குண்டானைத் திறந்தாலும் அதே ஆவிதான். அதற்கு யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. கடைசியில் ஒரு சீடன் வண்டியை எடுத்து, எதிர்மேட்டில் ஏற்றி, ஆட்டமில்லாமல் நிறுத்திக் காட்டுவான். மேட்டில் பிரேக்கைத் தொடாமலே வண்டி நிற்கும் என்பது அத்தனை டிரைவர்களுக்கும் தெரியும். சாமி முன்னால் மட்டும் மறந்துவிடும்.

கொளஞ்சியப்பனுக்கும் மறந்துதான் போயிருந்தது. இருந்த துண்டு நிலத்தை விற்று வாங்கிய பழைய பிக்கப் அவருடையது. மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருவார். குடும்பம் சாப்பிடுவதே அந்த வண்டியால்தான். ஒரு குறையும் இல்லாத வண்டிக்கு, வருமுன் காப்போம் என்று ஒருநாள் பூசை போட்டார். அதற்கப்புறம் பிரேக்கில் கால் வைத்தால் பின்பக்கம் லேசாக உதறியது. மறுபடி பூசை போட்டார். உதறல் ஆட்டமானது. ஆட்டம் ஜாஸ்தியாகிறதே என்று சாமியிடமே போய் அழுதார்.

“அவ வண்டியவே கேக்குறா. வர்ற வெள்ளிக்கெழம சாவியக் கொண்டாந்து வேலுக்கு முன்னாடி வெச்சிடு. இல்லன்னா உன் உசுரக் கேப்பா” என்றார் சாமி.

அப்படி வைக்கப்பட்ட வண்டிகள் சாமியின் மச்சானிடம் போய், புதுப் பெயின்டோடு வேறு ஊரில் ஓடின. பேய்க்குப் பெயின்ட் வாசனை ஆகாது போலிருக்கிறது. கொளஞ்சியப்பனின் மனைவி சின்னப்பொண்ணு அழுது தீர்த்துவிட்டு, தானே சாவியை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி லோடு. மூட்டைகள் மேல் கிழங்கு வியாபாரி சாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். மலைக்காரி, வாரா வாரம் இதே வண்டியில்தான் வருவாள். வளைவுக்கு வளைவு உலுக்கல் தாங்காமல், எப்போதிருந்து இப்படி என்று கண்ணாடியில்லாத பின்ஜன்னல் வழியாகக் கேட்டாள். கொளஞ்சியப்பன் பேய் விஷயத்தைச் சொன்னார்.

“பின்னாடி உக்காந்துகினு வர்றது நானு. எம்பக்கத்துல எவளும் இல்லியே, தம்பி” என்றாள். முதல் பூசைக்கு முன்னால் ஆடியதா என்றும் கேட்டாள். ஆடவில்லை என்று சொல்லும்போதே கொளஞ்சியப்பனுக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

அடிவாரத்தில் இறங்கியபோது, காணிக்கைப் பலாப்பழங்களோடு சாமியின் பிக்கப்பும் மலையிறங்கி வந்து நின்றது. அதுவும் பழைய வண்டிதான். ஹேண்ட்பிரேக் போடவில்லை. சீடன் டயருக்கு அடியில் ஒரு கட்டையைச் செருகிவிட்டுப் போனான். சாலம்மாள் அதைப் பார்த்தாள். நேரே கூட்டத்தின் நடுவில் போய்க் கையைக் கூப்பினாள்.

“சாமி வண்டியும் இப்பத்தான் மலையெறங்கி வந்திருக்குது. அதுக்கு மொதல்ல ஊத்துங்க. அப்பறமா இவரு சாவியக் குடுக்கட்டும்.”

பக்தர்களுக்குப் பரவசம். சாமியின் வண்டிக்கே மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? தன் வண்டிக்கு எதற்குப் பூசை என்று சாமி சிரித்துப் பார்த்தார். பக்தி முற்றினால் காது கேட்காது. ஒருவர் உள்ளே ஏறி ஹேண்ட்பிரேக்கைச் சுண்டி இழுத்தார். நாலு பேர் குடத்தைத் தூக்கினார்கள். சாமி பீடத்திலிருந்து குதித்தார்.

“டேய், ஊத்தாதடா! பிரேக் டிரம்மு கொதிச்சிகினு கெடக்குது, பச்சத்தண்ணி பட்டா கோணிக்கும்டா! மொதல்ல ஹேண்ட்பிரேக்க எறக்கு!”

குடங்கள் அந்தரத்தில் நின்றன.

“அப்ப எங்க டிரம்மு மட்டும் கோணலாமா?” என்றாள் சாலம்மாள்.

கொளஞ்சியப்பனுக்கு முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். தன் வண்டியைத் தன் கையாலேயே கெடுத்து, அதற்குக் காணிக்கையும் வைத்திருக்கிறார். சுப்புராயன் சமாளித்தார்: பேசியது தானில்லை, தன் வாயில் கன்னி வந்து பேசினாளாம். அதையும் நம்பி இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“டிரம்மு கோணுறதெல்லாம் தெரியுதுன்னா, உங்க கன்னி முந்தி பட்டறையில வேல செஞ்சிருப்பா” என்றார் கொளஞ்சியப்பன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வண்டியைப் பறிகொடுத்தவர்கள் சாமியைச் சூழ்ந்துகொண்டு, மச்சானின் விலாசம் கேட்டார்கள். இந்த முறை சாமி குறி பார்க்காமலே பதில் சொன்னார்.

கள்ளக்குறிச்சி லேத் பட்டறையில், சக்கரத்துக்குள்ளே பிரேக் கவ்விப் பிடிக்கிற அந்த இரும்பு டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், வட்டமாக இருக்கவேண்டியது கோழிமுட்டையாக இருந்தது. கடைந்து மாட்டினார்கள். அடுத்த லோடு இறங்கும்போது கொளஞ்சியப்பன் பயந்துகொண்டே பிரேக்கை மிதித்தார். வண்டி அசையாமல் நின்றது. சாலம்மாள் மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது சங்கராபுரம் பக்கம் கிளட்ச்சுக்கு ஒரு சாமி கிளம்பியிருப்பதாகக் கேள்வி. வரிசையும் நிற்கிறதாம். கோணிப்போன டிரம்மைக் கடைய ஊருக்கு ஊர் பட்டறை இருக்கிறது. கோணிப்போன புத்திக்கு எங்கேயும் பட்டறை கிடையாது ஐயா. அதை அவரவர்தான் கழற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.