டாக்டர் சட்டையில் ரோஜா சிரப்

கேஸ் அடுப்பை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டைப் பூட்டுவேன். (பூட்டிய பிறகு, திறந்து இன்னொரு முறை.) மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். வேலை போய்விடுமோ என்ற பயம்தான் நான் வாங்கிய ஒரே பட்டம்.

அப்போது சிம்பாங் அம்பாட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பாகங்களைப் பொருத்தும் வேலை. இதய ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் படம் எடுக்கும்போது, எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். அதைத் தானே தள்ளும் இயந்திரம் ஒன்றை எஞ்சினியர் நஸ்ரின் இரண்டு வருடமாக வடிவமைத்துக்கொண்டிருந்தார். ஜார்ஜ் டவுனிலிருந்து ஓர் இதய டாக்டர் பார்க்க வருகிறார். அவர் வேண்டாம் என்றால் எங்கள் பகுதிக்கே மூடுவிழா.

நிஜ மருந்துக்கு நிறமில்லை. செய்துகாட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் இதயத்தில் அது ஓடினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

"மிஸ், ரோஜா சிரப் ஊத்துவோம். செக்கச்செவேல்னு ஓடும்" என்றேன்.

"நல்ல ஐடியாலா அண்ணே. ஆனா காலையிலதான் ஊத்தணும்."

எனக்கோ காற்றுக்குமிழிப் பயம். ரத்தக்குழாயில் குமிழி போனால் ஆள் காலி. பிளாஸ்டிக் இதயத்துக்கு உயிரில்லை என்று என் வயிற்றுக்கு யார் சொல்வது? குமிழியெல்லாம் மேலே வரட்டும் என்று முதல் நாள் மாலையே நிரப்பி, குழாய் முனைவரை ஓடவிட்டு, மாதாவை வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஏர்கான் குளிரில் முனையிலிருந்த சர்க்கரை காய்ந்து கல்லாகிவிட்டது.

மறுநாள் டாக்டர் குனிந்து இதயத்தை உற்றுப் பார்த்தார். நஸ்ரின் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் முனகியது. சொட்டுகூட வரவில்லை. திரையில் அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"அண்ணே, எப்ப ஊத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம்..."

"அல்லாவே!" அவர் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போவதற்குள் 'டப்'. இணைப்பு கழன்று, டாக்டரின் வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, தாடி எல்லாம் சிவப்பு. ஓடிப்போய்த் துடைத்துவிட்டேன். (கிரீஸ் துணியால்.)

டாக்டர் உதட்டை நக்கினார். "இனிப்பு கூடிப்போச்சு." அவர் சிரிக்கவில்லை. "முன்னால அடைச்சிருந்தாலும் இது பாட்டுக்குத் தள்ளுமா? என் பேஷண்டுக்கு இப்படி ஆனா?"

நஸ்ரினுக்குக் கண் கலங்கிவிட்டது. பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"முதல்ல ஒரே ஒரு சொட்டு தள்ளிப் பாக்கணும் டாக்டர். அது போகலன்னா நின்னுடணும். நானா இருந்தா அப்படித்தான் செய்வேன்."

டாக்டர் நஸ்ரினைப் பார்த்தார். "அண்ணன் சொன்னதைச் செஞ்சு மூணு மாசத்துல கூப்பிடுங்க. கறுப்புச் சட்டை போட்டு வர்றேன்."

வந்தார், கறுப்புச் சட்டையில். எங்கள் பகுதி பிழைத்தது. இயந்திரம் இன்றும் ஒரு சொட்டு தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது. கம்பெனியில் அதற்கு என் பெயர்தான்: 'அந்தோணி சொட்டு'.

வீட்டில் அந்த மரியாதை கிடையாது. விசேஷ நாளில் நான் சிரப் ஜக்கைத் தூக்கினால் எல்லாரும் இரண்டடி பின்னால் நகர்கிறார்கள். புது மருமகன் மூன்றடி.