ஆறு சதவீத வளர்ச்சி

“ஏற்றுமதி குறையும்னு எழுதினா மந்திரி கையெழுத்துப் போடமாட்டார். ஏதாவது பண்ணுங்க,” என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் கணினித் திரையையே பார்த்தார். பொம்மை வாங்கும் நாடு புது விதி ஒன்று கொண்டுவரப் போகிறது: மரப் பொம்மையில் எத்தனை நிறமோ, அத்தனைக்கும் தனித்தனி ஆய்வுக்கூடச் சான்று வேண்டும். அதனால் இங்கே என்ன ஆகும் என்று கணித்து, இன்று ஐந்து மணிக்குள் அந்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும். ஏற்றுமதி முப்பத்தெட்டு சதவீதம் விழும் என்றது அவர் கணக்கு.

எதற்குக் கேட்கிறார்கள் என்பது முகப்புக் கடிதத்தில் இருக்கும். ஆனால் முகப்புக் கடிதம் தபால் பிரிவிலேயே தங்கிவிடும். விதியின் நகல் மட்டும்தான் மாடிக்கு வரும். அலுவலக வழக்கம் அது. இதனால் இதுவரை யாரும் செத்துப்போனதில்லை.

கைபேசி அதிர்ந்தது. மனைவியின் தம்பி. பொம்மைப் பட்டறை வைத்து ஏழு குடும்பத்துக்குச் சோறு போடுகிறவன்.

“அத்தான், என் பொம்மையில பதினோரு நிறம். பதினோரு சான்றுக்கு நான் எங்க போவேன்? விதி வந்தா பட்டறைய மூடணும். உங்க அறிக்கையத்தான் நம்பியிருக்கேன்.”

“நான் பாத்துக்கறேன்பா.”

பார்த்துக்கொண்டார். மூடப்போகிற பட்டறைகளின் ஏற்றுமதி பூஜ்யம். பூஜ்யத்தைக் கண்டால் சூத்திரம் முரண்டு பிடிக்கும். கணக்கிலிருந்து அந்தப் பட்டறைகளின் வரிசைகளை எடுத்துவிடுவது இந்தத் தொழிலில் பலரும் செய்கிற காரியம்தான். முதலில் ஐம்பதை எடுத்தார். வீழ்ச்சி நாலு சதவீதம் ஆனது.

“நாலு சதவீதமும் வீழ்ச்சிதானே?” என்றார் இயக்குநர். “ மூடப்போற மிச்சத்தையும், தள்ளாடறவங்களையும் எடுத்துடுங்க.”

“சார், நோயாளிங்கள எல்லாம் வெளிய அனுப்பிட்டா ஆஸ்பத்திரியில எல்லாரும் ஆரோக்கியமாத்தான் இருப்பாங்க.”

“அதைத்தானே நானும் சொல்றேன்!”

ஆய்வாளரின் பதவி உயர்வுக் கோப்பு இயக்குநரின் மேசையில் ஏழு மாதமாகக் கிடந்தது. அவர் அடுத்தடுத்த வரிசைகளை எடுத்துக்கொண்டே போனார். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் விரல் நின்றது. மச்சினனின் பட்டறை.

விதி எப்படியும் வரத்தான் போகிறது, நாம் எதை எழுதினால் என்ன என்று தன்னைத் தேற்றிக்கொண்டு அழிக்கும் விசையைத் தட்டினார். ஏற்றுமதி ஆறு சதவீதம் ஏறியது. இயக்குநர் கைகுலுக்கினார். ஆய்வாளருக்குத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

மறுபடி கைபேசி.

“அத்தான், என்ன ஆச்சு?”

“சராசரியா எல்லாரும் நல்லா இருப்பீங்கப்பா.”

“சராசரின்னா யாரு அத்தான்? நம்ம ஆளா?”

ஆய்வாளர் அழைப்பைத் துண்டித்தார்.

மந்திரி மகிழ்ச்சியோடு கையெழுத்திட, நாலே முக்காலுக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது. ஒப்புகைச் சீட்டு வாங்கத் தபால் பிரிவுக்கு இறங்கினார். அங்கிருந்த எழுத்தர் அம்மா பதிவேட்டிலிருந்து முகப்புக் கடிதத்தை உருவிக்கொண்டே சிரித்தார்.

“வளர்ச்சியா சார்? நல்ல வேளை! ‘உங்க பட்டறைகளுக்குப் பாதிப்பு வரும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, இந்த விதியையே விட்டுடறோம்’னு எழுதியிருந்தாங்களே, நான் பயந்தே போயிட்டேன்.”