கூனியின் வதிவிட விண்ணப்பம்

வடதுருவக் கடலின் அடியில் எந்தச் சிற்றுயிர் எங்கே வாழலாம் என்பது லண்டன் லூயிஷாமில், ஒரு கம்பளக் கடையின் மேல்மாடியில் தீர்மானிக்கப்படுகிறது. அங்கே இயங்கும் கடலடிச் சிற்றுயிர்ப் பரம்பற் பதிவகத்தின் வரைபடம் மிக அழகானது. அதற்கு மாறாக உயிர்கள் நடந்துகொள்வதைப் பதிவகம் விரும்புவதில்லை.

கப்பலில் வந்த சேற்றை அரித்து, உருப்பெருக்கியில் பார்த்து எண்ணுவது லோஜினியின் வேலை. எட்டு மாதம் எண்ணியதில் ஒன்று அகப்பட்டது: இறால் போன்ற எள்ளளவு கூனி, வரைபடம் அனுமதித்த இடத்துக்கு இருநூறு மைல் வடக்கே. புதிதாக ஒன்றையாவது பதிந்தால்தான் அவளுடைய ஒப்பந்தம் நீடிக்கும். சிறு போத்தலோடு பதிவு அலுவலர் சபாரத்தினத்தின் மேசைக்குப் போனாள்.

"கூனியோ? கூழுக்குப் போடுறதோ?"

"அதின்ரை சொந்தம், அண்ணை."

அவர் படிவத்தை எடுத்தார். குரல் மாறியது. "எந்த வழியாலை வந்தது?"

"தெரியாது. கடல் சூடாகுது. இருந்த இடத்திலை இருக்க ஏலாமல் வந்திருக்கும்."

"இருக்க ஏலாது எண்டதுக்கு அத்தாட்சி?"

"அது கூனி, அண்ணை."

"வழியிலை எத்தினை நல்ல சேறு இருந்திருக்கும். முதல் கண்ட சேத்திலை ஏன் நிக்கேல்லை? இனிக் குடும்பத்தையும் கூப்பிடுமோ?"

"வயித்திலை முட்டை இருக்கு."

"பாத்தியே" என்று பேனாவைத் திறந்தார்.

"அண்ணை, எண்பத்தொன்பதிலை நீங்கள் லண்டனுக்கு எந்த வழியாலை வந்தனீங்கள்?"

சபாரத்தினம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொஸ்கோவாலை. பிறகு லொறி. அது வேறை கதை, பிள்ளை. நாங்கள் வரேக்கை இடம் இருந்தது."

மேற்படி உயிர் தனது வருகைக்கான காரணத்தை நம்பத்தகுந்த முறையில் விளக்கத் தவறியமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் மேன்முறையீடு செய்யலாம். போத்தலுக்குள் இருந்து மறுப்பு எதுவும் வரவில்லை.

"உன்ரை வேலைக்கு ஒண்டும் வராது" என்றார் சபாரத்தினம். "வரைபடம் சரியெண்டு உறுதிப்படுத்தினதும் ஒரு கண்டுபிடிப்புத்தான். அப்பிடியே எழுதுறன். கையெழுத்தை வை."

லோஜினி வைத்தாள். அடுத்த கப்பலின் சேற்றில் அதே கூனி இருநூறு இருந்தது. இல்லை என்று எழுதினாள்.

வடலண்டன் எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் நடந்த பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது மேசை முழுவதும் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருவர் சொன்னார்:

"எண்டாலும் பிள்ளை, வாற எல்லாரையும் விட ஏலாதுதானே."

எல்லோரும் ஓம் என்றார்கள். அந்த மண்டபத்தில் லொறியில் வராதவர்கள் குழந்தைகள் மட்டுமே.