எண்பத்தொரு பிள்ளைகளும் ஒரு டப்பா கமர்கட்டும்

ஆசிரியப் பயிற்சி முடித்து வெளியே வரும் பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. படித்ததை உடனே யார் தலையிலாவது செய்து பார்த்துவிட வேண்டும். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. (வயது இருபத்திரண்டு. புத்தி இருக்க வேண்டிய இடத்தில் நோட்ஸ் இருந்தது.)

ஐம்பதுகளின் கடைசி. ராயபுரத்தில் கடலோரமாக இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய என் அப்பா நிபந்தனையைப் பளிச்சென்று சொல்லிவிட்டார்.

"வேலை கெட்டியாச்சுன்னா உன் இஷ்டம் கண்ணு. இல்லாங்காட்டி ஈஸ்டர் முடிஞ்சதும் தூத்துக்குடி மாப்ளதான். அப்பால பேஜாரு பண்ணக்கூடாது."

தூத்துக்குடி மாப்பிள்ளை எங்களுக்குத் தூரத்து உறவு, உப்பு வியாபாரி. பெண் பார்க்க வந்த அன்று ஒன்றரை மணி நேரம் உப்பைப் பற்றியே பேசினார். நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆயுள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு... மாதாவே! எனக்கு அந்த வேலை வேண்டும்.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் டெபுடி இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் முதலில் கேட்பது வருகைப் பதிவேடு. என் வகுப்பிலோ பதிவேட்டில் முப்பத்தெட்டு பேர், பெஞ்சில் பன்னிரண்டு பேர். கட்டுமரம் கரை ஏறினால் போதும், மீதிப் பேர் சிந்திய மீனைப் பொறுக்கக் கடற்கரைக்கு ஓடிவிடுவார்கள்.

நான் ஒரு தகர டப்பா நிறைய கமர்கட்டு வாங்கி வைத்தேன். வந்தவர்களுக்கெல்லாம் தினமும் ஆளுக்கொன்று. மூன்றே நாளில் வகுப்பு நிரம்பியது. ஒரு நாள் டப்பாவை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன்; மறுநாள் ஒன்பது பேர் வந்தார்கள். சரி, வெள்ளிக்கிழமை மட்டும் கொடுப்போம் என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை திருவிழாக் கூட்டம், திங்கட்கிழமை ஈ ஓட்டினேன். எரிச்சல் தாங்கவில்லை.

அப்போதுதான் நோட்ஸைத் தேடி எடுத்தேன். மனோதத்துவ வகுப்பில் சொல்லியிருந்தார்கள்: அமெரிக்காவில் புறாவைக் கூண்டில் விட்டு ஒரு பொத்தானைக் கொத்த வைக்கிறார்கள். கொத்தும்போதெல்லாம் தானியம் கொடுத்துப் பழக்கிவிட்டு நிறுத்தினால், புறா சீக்கிரமே சலித்துப்போய் விட்டுவிடும். எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்றே தெரியாமல் பழக்கினால், நிறுத்திய பிறகும் வெகுகாலம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

அன்றிலிருந்து என் இஷ்டம்தான். செவ்வாய் கொடுப்பேன், புதனும் கொடுப்பேன், பிறகு ஒரு வாரம் டப்பாவைத் தொடவே மாட்டேன். பிள்ளைகள் காலையில் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

"டீச்சர், இன்னிக்கு கமர்கட்டு கீதா?"

"தெரியாது."

முப்பத்தெட்டு பேரும் ஒரு நாள் விடாமல் வந்தார்கள். ஜுரத்தோடு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. (அமெரிக்காவுக்கே ஒரு கடிதம் எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.)

பொங்கல் கழிந்து இன்ஸ்பெக்டர் வரும் தேதி வந்தது. அந்தப் பதற்றத்தில் ஒன்பது நாளாக நான் கமர்கட்டை மறந்தேபோனேன். பிள்ளைகள் மறக்கவில்லை. ஒன்பது நாள் இல்லையென்றால் பத்தாம் நாள் நிச்சயம் என்று அவர்களே முடிவு கட்டி, தம்பி தங்கை, அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இடுப்பில் ஒரு கைக்குழந்தை என்று சகல பரிவாரத்தோடு வந்துவிட்டார்கள். கடைசி பெஞ்சில் மீசை முளைத்த ஒருவன் உட்கார்ந்திருந்தான். விரட்டி விரட்டிப் பார்த்தேன். முன்வாசலில் போய் பின்வாசலில் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.

"ரிஜிஸ்டர்ல முப்பத்தெட்டு. இங்க எண்பத்தொண்ணு இருக்கு. எந்தப் பள்ளிக்கூடத்துல வாங்கினீங்க?"

அந்தக் காலத்தில் அது ஒரு வழக்கம். வருகை குறைந்த பள்ளிகள் இன்ஸ்பெக்ஷன் அன்று பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகளை இரவல் வாங்கி உட்கார வைப்பார்கள். கூலி மிட்டாய். அவர் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"இரவல் வாங்கினாலும் ஒரு அளவு வேண்டாமாம்மா?" என்றவர், முதல் பெஞ்சில் இருந்த அந்தோணியை எழுப்பினார். "எதுக்குடா வந்தே?"

"கமர்கட்டுக்கு சார்."

"யாரு தர்றேன்னாங்க?"

"டீச்சரு."

"இன்னிக்கா?"

"தெர்ல சார். அது டீச்சருக்கே தெரியாது."

"ஐயா, அது வந்து... அமெரிக்காவிலே புறாவை வெச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"புறாவா?" என்றார் அவர்.

"எங்க வூட்ல கீது சார், எத்துகினு வரட்டா?" என்றான் மீசைக்காரன்.

அந்த நிமிஷத்தில் பூமி பிளந்திருந்தால் நன்றியோடு இறங்கியிருப்பேன். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பையில் செருகினார்.

"இனிமே மிட்டாய் கூடாது. நான் மறுபடி சொல்லாம வருவேன். நாளைக்கும் வரலாம், ரெண்டு மாசம் கழிச்சும் வரலாம். அன்னிக்கு ரிஜிஸ்டரும் பெஞ்சும் ஒத்துப்போனா கையெழுத்து. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோங்க."

அவ்வளவுதான், அன்றோடு என் நிம்மதி போயிற்று. தினமும் கஞ்சி போட்ட புடவை. தினமும் பாடக்குறிப்பு. டிபனை ஜன்னல் ஓரம் நின்றே தின்றேன். தெருவில் சைக்கிள் வந்தால் எழுந்தேன், ரிக்‌ஷா வந்தால் எழுந்தேன், மீன்காரம்மா வந்தால்கூட எழுந்தேன். வெளிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். என் முப்பத்தெட்டு பேரும் கமர்கட்டு இல்லாமலே வந்தார்கள். இன்ஸ்பெக்டர்தான் வரவில்லை.

ஈஸ்டர் வந்தது. "இன்னாம்மா, வந்தாரா உங்காளு?" என்றார் அப்பா.

"நாளைக்கு வந்துடுவார்ப்பா."

அந்த நாளையைச் சொல்லிச் சொல்லியே அப்பாவை அந்த வருஷம் முழுக்க ஓட்டினேன். உப்பு மாப்பிள்ளை மூன்று மாதம் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார். (புறாவுக்கு இருந்த பொறுமைகூட மனுஷனுக்கு இல்லை.)

மறு ஜனவரியில் ஆபீஸ் பியூன் ஒருவர் நிரந்தர உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்தார். புது இன்ஸ்பெக்டர் வருகைக் கணக்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம்.

"புதுசா? அப்போ பழைய ஐயா?"

"அவரா? இங்க வந்துட்டுப் போன மறுவாரமே திருநெல்வேலிக்கு மாத்தலாயிட்டாரே! உங்களுக்குத் தெரியாதா?"

ஒரு வருஷம்! வராத மனுஷனுக்காக ஒரு வருஷம் கஞ்சி போட்டிருக்கிறேன். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு என் இஷ்டப்படியே ஒரு ரயில்வேக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டேன். கிறிஸ்துமஸுக்கு யாராவது புது விருந்தாளி வந்தால் போதும், என் பெரிய மகன் தொடங்கிவிடுவான்.

"அம்மா, அந்தப் புள்ளைங்க கமர்கட்டு இல்லாம எத்தினி நாள் வந்தாங்க?"

"வருஷம் முடியற வரைக்கும்."

"இன்ஸ்பெக்டர் வரமாட்டார்னு தெரிஞ்சப்புறம் நீ எத்தினி நாள் ஜன்னலைப் பாத்தே?"

நான் வாயைத் திறப்பதற்குள் வீடே சேர்ந்து கத்தும்: "ரிட்டயர் ஆவுற வரைக்கும்!"

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், எழுந்து நின்று தலைப்பைச் சரிசெய்துகொள்வேன்.