மாவு வாளியும் மதிப்புள்ள ஒருவரும்

மட்டாஞ்சேரியில் ஹிஸ்டரியோ பாலிடிக்ஸோ படித்த எந்தப் பிள்ளையும் ஃபாரம் அக்காவிடம் மாட்டாமல் பட்டம் வாங்கியதில்லை. வீட்டுக்காரர்களே மறைத்து வைத்த பிள்ளைகளைக்கூட அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அக்காவின் தொழில் தோசை மாவு விற்பது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வலது கையில் மாவு வாளி. இடது தோளில் ஒரு பை, அதில் கத்தை கத்தையாக ஸ்காலர்ஷிப் ஃபாரம். காலை ஏழு மணிக்கு எங்கள் சந்துக்குள் அவர் குரல் இப்படித்தான் வரும்:

"மாவேய்... தோசை மாவேய்... ஹிஸ்டரி, பாலிடிக்ஸ் படிக்கிற பிள்ளேர் உண்டோ?"

ஒருநாள் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் இதைக் கேட்ட ஒரு வெள்ளைக்காரர், ஹிஸ்டரி சொல்லும் கைடு என்று நினைத்து அக்கா பின்னாலேயே நாற்பது வீடு நடந்தார். முடிவில் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாவு இருந்தது. அக்கா அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, "டிகிரில எத்தன மார்க்கு?"

இன்ஜினீயரிங், நர்சிங் பிள்ளைகளை அக்கா ஏறிட்டும் பார்க்கமாட்டார். "அதுக்கு ஊரே ஃபாரம் போடுது. இதுக்குத்தான் ஆளில்ல" என்பார். எப்போதோ ஒரு பழைய பேப்பரில், வரலாற்று மாணவர்களுக்கான பரிசு ஒன்று விண்ணப்பம் வராததால் யாருக்கும் தரப்படவில்லை என்று படித்தாராம். அன்று பிடித்தது இந்த வெறி.

"மிச்சம் விழுந்தா என்னாகும்? புளிச்சுப் போவும். மாவானாலும் சரி, ஸ்காலர்ஷிப் ஆனாலும் சரி!"

ஹிஸ்டரியை விட்டு பி.காமுக்கு மாறிய ஒரு பையன் வீட்டுக்கு ஒரு வாரம் மாவை நிறுத்தினார். அவன் அம்மா வந்து கெஞ்சிய பிறகுதான் தோசைக்கு வழி பிறந்தது.

இனி என் கதை. நான் மசாலா குடோனில் சுக்கு எடை போடுகிறவன். பத்தாவது வரை படிப்பு. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் மகள் ரேவதி பி.ஏ. ஹிஸ்டரி முடித்து, யூனிவர்சிட்டியில் எம்.ஏ. படிக்க ஆசைப்பட்டாள். ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடை. அங்கே அவள் மாமா வேலைக்குச் சொல்லியும் வைத்துவிட்டார்.

எர்ணாகுளத்தில் ஓர் அறக்கட்டளையின் ஃபாரத்தை அக்கா கொண்டுவந்தார். எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசிப் பக்கம்தான் இடித்தது. விண்ணப்பதாரரைப் பல வருடம் அறிந்த, மதிப்புள்ள ஒருவர் தன் கைப்பட எழுதித் தரவேண்டும். உறவினராக இருக்கக்கூடாது.

"கவுன்சிலர்கிட்ட வாங்கிருங்க அண்ணே. அஞ்சு நிமிச வேல" என்றார் அக்கா.

மூன்று நாள் கவுன்சிலர் வீட்டு வாசல் வரை போனேன். மூன்று நாளும் எதிரே இருந்த சாயாக்கடையில் ஒரு சாயா, ஒரு பழம்பொரி சாப்பிட்டுத் திரும்பினேன். வீட்டில் "அவர் இல்லை" என்று சொன்னேன். நான்காம் நாள் காலையில் அக்கா வாளியை வாசலில் தொம்மென்று வைத்தார்.

"கவுன்சிலர் வீட்டுக்கும் நாந்தான் அண்ணே மாவு! மூணு நாளா ஒரு ஆளு எதிர்க்கடைல நின்னு வீட்டையே பாக்குறான், கள்ளனோன்னு அந்தச் சேச்சி பயந்துகிட்டிருக்கு!"

அன்று மாலை நான்கு மணியோடு கெடு முடிகிறது. கவுன்சிலரோ நிஜமாகவே ஊரில் இல்லை.

"இந்தச் சந்துல மதிப்புள்ள ஆளு ஒருத்தர்கூடவா இல்ல?" என்று அக்கா கத்தினார்.

ரேவதி பேனாவை நீட்டினாள். "நீங்க எழுதுங்க அக்கா."

அக்கா பேனாவைத் தள்ளிவிட்டார். "போ மோளே... நான் மாவு விக்கிறவ."

"பதினொரு வருஷமா என்னைத் தெரியும்ல? சொந்தமும் இல்ல. எழுதுங்க."

அக்கா இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். எந்த மொழியிலும் எழுதலாம் என்று ஃபாரத்திலேயே இருந்தது. தமிழில், கோணல் கோணலாக எழுதினார்:

'இந்த வீட்டுக்கு பதினொரு வருசமா மாவு குடுக்கேன். பாத்திரத்த நீட்டுமுன்ன இந்தப் பிள்ள ஒரு கேள்வி கேக்கும். நான் மாவு குடுக்கிற ஏதாவது ஒரு வீட்டச் சொல்லி, அவங்க எந்த ஊர்லருந்து வந்தாங்க, ஏன் வந்தாங்கன்னு. எனக்கு தெரியலைன்னா அங்க கேட்டு மறுநா சொல்லுவேன். இப்ப நான் மாவு குடுக்கிற எல்லா வீட்டு கதையும் எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். இவளுக்கு குடுத்தா புளிக்காது.'

தொழில் என்ற இடத்தில் 'மாவு'. கையெழுத்துக்குப் பக்கத்தில், அத்தனை சோப்புக்கும் மீறி, ஒரு வெள்ளைக் கட்டைவிரல் தடம்.

நேர்காணலுக்கு மகளோடு போய் வராந்தாவில் உட்கார்ந்தேன். உள்ளே ஓர் அம்மாள், "ஆரா இந்த மாவுச் சேச்சி?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவ்வளவுதான், ரேவதி ஆரம்பித்துவிட்டாள். கொங்கணி பேசும் வீடு, குஜராத்தி வீடு, கன்னட வீடு என்று அக்கா மாவு கொடுக்கும் வரிசையிலேயே போனாள். உள்ளே சிரிப்பு கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நடுவில் இருந்தவர் அக்கா எழுதிய பக்கத்தைக் காட்டினார்.

"சேட்டா, இதில் எழுதியது சத்தியமாணோ?"

நாக்கு ஒட்டத்தான் செய்தது. பிய்த்துக்கொண்டு சொன்னேன். "சத்தியமாணு சார். காலைல மாவு வாங்க இவ அரை மணி நேரம் எடுப்பா. நான் தினமும் குடோனுக்கு லேட்டு."

ஸ்காலர்ஷிப் கிடைத்தது. சொன்னபோது அக்கா துள்ளவெல்லாம் இல்லை. பையைத் துழாவினார். "ரெண்டாம் வருசத்துக்கு வேற ஒண்ணு உண்டு. இந்தா ஃபாரம்."

இப்போது முழங்கால் வலியால் அக்கா நடப்பதில்லை. கும்பளங்கியில் மகன் வீட்டில் இருக்கிறார். எங்கள் சந்தில் காலை ஏழு மணி சத்தமில்லாமல் போகிறது.

போன வாரம் ரேவதி போன் செய்தாள். ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் உதவித்தொகை. அதிலும் மதிப்புள்ள ஒருவர் எழுதித் தரவேண்டுமாம். இப்போது அவளுக்குப் பேராசிரியர்கள் பலரைத் தெரியும். இருந்தும், "அப்பா, ஃபாரம் அனுப்பியிருக்கேன். அக்காகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கிக்குப் போனேன். அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு சாயாக்கடை இருந்தது. நான் நிற்கவில்லை. நேராகப் போய்க் கதவைத் தட்டினேன்.