பத்தில் ஒரு நிலநடுக்கம்

நிலநடுக்கத்தையே நிர்வாகத்துக்குக் கட்டுப்பட வைத்த முதல் தேயிலைத் தோட்டம் மலேசியாவில், கேமரன் மலையின் ரிங்லெட் ஊருக்கு மேலேதான் இருந்தது. அந்தச் சாதனையைத் தட்டச்சு செய்யும் பாக்கியம் தோட்ட ஆபீஸ் எழுத்தரான இளைய கிராணி செல்லையாவுக்கு வாய்த்தது.

1979-இல் ஒரு மத்தியானம். சுமத்ரா பக்கம் பூமி குலுங்க, தோட்டத்தின் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளும் ஆடின. இரண்டும் நான்கு இரும்புக் கால்களில் நின்றவை. ஒரே ஆண்டில் கட்டியவை. ஒரே அளவு துருப்பிடித்தவை. ஒன்று துரை பங்களாவுக்குப் பின்னால். மற்றது தொழிலாளர் லயத்தில், செல்லையாவின் அக்கா மணியம்மா வீட்டுக் கூரையை ஒட்டி.

"பிள்ளைங்க கீழதான் படுக்குதுங்க தம்பி. தொரைகிட்ட சொல்லு லா."

துரை உடனே 'ஆய்வு'க்கு உத்தரவிட்டார். கோலாலம்பூரிலிருந்து இஞ்சினியர் வீரப்பன் வந்தார். இரும்பு அளவுகோல் ஒன்றை மேசையில் நிமிர்த்தி இறுக்கி, நுனியில் பால் டின்னைக் கட்டினார். மேசையை மெல்ல ஆட்டினார். டின் கூடவே அசைந்தது. டின்னின் தாளத்துக்கு ஒத்து ஆட்டினார், பேயாட்டம் ஆடியது.

"தொட்டியும் இதேதான் சார். கனத்த தலை, மெலிஞ்ச காலு."

பிறகு தொட்டிகளைக் கயிறு கட்டி இழுத்துவிட்டு, கடிகாரம் பார்த்து ஆட்டத்தை எண்ணினார். வெளிநாட்டு நிலநடுக்கம் ஒன்றின் பதிவை வைத்துக் கணக்குப் போட்டார்.

"ரெண்டும் விழும்."

"இரும்பு ஒண்ணுக்குத்தான் இருக்கு," என்றார் துரை.

விஞ்ஞானம் பிடிவாதக்காரி அல்ல. "அப்ப கணக்குல லயத்துக்குச் சின்ன நிலநடுக்கமா போட்டுக்கலாம் சார். பத்துல ஒரு பங்குன்னா நிக்கும்."

"பங்களாவுக்கு?"

"முழுசு சார். நீங்க இருக்கீங்களே!"

செல்லையா தட்டச்சுப் பொறியிலிருந்து தலை தூக்கினான். "கிராணி குவார்ட்டர்ஸுக்கு?"

"பாதி போட்டுக்குங்க தம்பி."

இரண்டே வருட சர்வீஸில் பாதி நிலநடுக்கம்! செல்லையாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. 'லயம்: பத்தில் ஒன்று' என்று தட்டும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு தட்டிவிட்டது.

பங்களாத் தொட்டிக்குப் புதுக் கால்கள் வந்தன. லயத்துத் தொட்டிக்கு அறிக்கை வந்தது. செல்லையாவே கொண்டுபோய் வாசித்தான்.

"தொட்டி 'பாதுகாப்பானது'ன்னு நிரூபிச்சாச்சுக்கா."

"ஒரே மலைதானடா? எங்களுக்கு மட்டும் எப்படிக் கம்மியா ஆடும்?"

"அது கணக்குக்கா. ஒனக்குப் புரியாது."

"தட்டுனது யாரு?"

"நான்தான்."

மணியம்மா பாயைச் சுருட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். "நாங்க ஒன் குவார்ட்டர்ஸுக்குப் போறோம். நீ இங்க இரு."

செல்லையா பதறினான். "அக்கா, அங்க பாதி வருமே!"

"வரட்டும். நாங்க தாங்கிக்கிறோம். இங்க பத்துல ஒண்ணுதான, நீ ஏண்டா தொட்டியவே பாக்குற?"