கோதிக் தேவாலயத்தில் ஒரு வெறும்மேல்

அண்ணாந்து பார்க்கத் தொடங்கினால் என் கைகள் என்ன செய்கின்றன என்பதே எனக்குத் தெரியாது. இந்தக் குறைபாட்டோடுதான் ஒரு ஞாயிறு பின்னேரம் யாழ்ப்பாணத்தின் பழைய கோதிக் தேவாலயமொன்றைப் பார்க்கப் போனேன். (உண்மையில் பார்க்கப் போனது மெரினாவின் அப்பாவை.)

மெரினாவும் நானும் ஒரே கந்தோரில் கட்டடப் படம் கீறுகிறவர்கள். அவள் வீட்டார் தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரர், நாங்கள் அச்சுவேலிச் சைவக்காரர். என் வீட்டார் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். மிச்சம் அவளுடைய அப்பா. அந்தக் கோதிக் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அவர் சம்மதித்து "ஓம்" சொன்னால்தான் கலியாணம்.

"பாட்டுப் பழகி முடியிற நேரம் வாங்கோ. கட்டடத்தைப் பற்றிக் கதைச்சால் அப்பாவுக்குப் பிடிக்கும்," என்றாள் மெரினா.

விடுவேனா? கூர்வளைவு, வண்ணக்கண்ணாடி என்று ஒரு கிழமையாகப் பாடமாக்கினேன். கண்ணாடி முன்னால் நின்று வியந்தும் பழகினேன்.

வாசலில் நின்று நிமிர்ந்தேன். கோபுரம் கூராக வானத்துக்குள் ஏறியிருந்தது. பாடமாக்கியதெல்லாம் பறந்துபோய் உண்மையாகவே வாயைப் பிளந்தேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. எங்கள் கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போவதில்லை. வாசல், கோபுரம், மணி மூன்றும் சேர்ந்ததும் என் கைகள் பழக்கப்பட்ட வேலையைப் பார்த்தன. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டின. (புதுச் சட்டை. மெரினா தெரிந்தெடுத்தது.)

மேலே பார்த்தபடியே உள்ளே நடந்தேன். தூண்கள் உயரத்தில் போய்க் கைகோர்த்து நின்ற அழகை என்னவென்று சொல்ல! கண்ணாடிகளின் நீலமும் சிவப்பும் என்மேல் விழுந்தன. (தடுக்கத் துணியில்லாததால் நன்றாகவே விழுந்தன.) பாட்டுக் கேட்டது. முதலில் பெண்குரல்கள் நின்றன. பிறகு ஆண்குரல்கள். ஓர்கன் மட்டும் கொஞ்ச நேரம் தனியே அழுதது.

"தம்பி, மேலை பாத்தது காணும். கீழையும் ஒருக்காப் பாரும்."

பார்த்தேன். முதலில் என் தொப்பை தெரிந்தது. அதற்கப்பால் வாங்குகளில் அமர்ந்திருந்த பாடகர்கள் இருபது பேர். பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு மெரினா. முன்னால் அவளுடைய அப்பா.

"கூர்வளைவு..." என்றேன். கலியாணம் இதோடு சரி என்று முடிவெடுத்துவிட்டேன்.

"ஆர் நீர்?"

"மெரினாவோடை... கந்தோரிலை..."

அவர் சிரிக்கவில்லை. பாடகர்கள் பக்கம் திரும்பினார். "இஞ்சை வாற முக்கால்வாசிப் பேர் போனைத் தூக்கிப் படமெடுத்துப்போட்டுப் போகினம். கோயிலுக்கை வாறன் எண்ட நினைப்பு உவருக்கெல்லோ இருந்திருக்கு!" பிறகு என்னிடம், "சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டை வாரும். தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்."

அந்தத் தேவாலயத்திலேயேதான் எங்களுக்குக் கலியாணமும் நடந்தது. மாமா பீடம் வரைக்கும் என் கோட்டுப் பொத்தான்களையே கவனித்துக்கொண்டு வந்தார். இன்றைக்கும் பூசைக்குப் போகையில் மணி அடித்தால் போதும், வலக்கையை மெரினாவும் இடக்கையை மகளும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். என்ன பாசமான குடும்பம் என்று பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள்.